மேல்தளத்தில் வாடகைப் பாக்கியும் ஓதச் சுவரும், கீழ்த்தளத்தில் முன்பணக் கணக்கும்: எப்படிக் கையாள்வது?

மாடிப்படி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். குடும்பச் சொத்தாக வந்த இரண்டடுக்கு வீட்டின் கீழ்த்தளத்தையும் மேல்தளத்தையும் இரண்டு குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். எனக்கு முழுநேர வேலை வேறு இருப்பதால், வாடகை வசூல், பழுது பார்த்தல், கணக்கு எழுதுதல் எல்லாமே விடுமுறை நாள்களில்தான் நடக்கின்றன. இப்போது இரண்டு தளங்களிலும் ஒரே நேரத்தில் சிக்கல் எழுந்திருப்பதால், அனுபவமுள்ளவர்களின் ஆலோசனையை நாடி இதை எழுதுகிறேன்.

மேல்தளத்தில் இருப்பவர் பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறார், நாணயமானவர். ஆனால் சில மாதங்களாக வாடகை முழுதாக வருவதில்லை. ஒரு மாதம் பாதி வரும், அடுத்த மாதம் முக்கால்பங்கு வரும், அதற்கடுத்த மாதம் பழைய பாக்கியில் கொஞ்சமும் புதிய வாடகையில் கொஞ்சமும் சேர்ந்து ஒரு தொகை வரும். நான் போட்ட கணக்கின்படி பாக்கி இரண்டரை மாத வாடகை. அவர் கணக்கில் அது இரண்டுக்கும் குறைவு. கேட்டால், படுக்கையறைச் சுவரில் ஓதம் இறங்குவதைச் சரிசெய்து கொடுத்தால் மீதியைத் தருவதாகச் சொல்கிறார். சுவரைப் போய்ப் பார்த்தேன். குளியலறையை ஒட்டிய சுவர் அது. பெயின்ட் உப்பிப் பொருக்குப் பொருக்காக உரிகிறது, விரலால் தேய்த்தால் வெள்ளைத் தூள் ஒட்டுகிறது, அலமாரிக்குப் பின்னால் மூலையில் கரும்பூஞ்சை படர்ந்திருக்கிறது. அவர்கள் சன்னலைத் திறப்பதே இல்லை என்பதால் வந்த ஈரம் இது என்று நான் நினைக்கிறேன். குழாயில் கசிவு என்று அவர் அடித்துச் சொல்கிறார். தண்ணீர் மோட்டாரின் ஸ்விட்ச் கீழே என் பொறுப்பில்தான் இருக்கிறது. இரண்டு நாள் நிறுத்தினால் பாக்கி தானாக வந்துவிடும் என்று உறவினர் ஒருவர் யோசனை சொல்கிறார்.

கீழ்த்தளத்தில் நான்கு ஆண்டுகளாக இருந்த குடும்பம் அடுத்த மாத முடிவில் காலி செய்கிறது. கூடத்துச் சுவரில் ஆணித்துளைகள், ஓர் அறையில் குழந்தையின் கிறுக்கல்கள், சமையல் மேடைக் கல்லின் ஒரு மூலையில் உடைவு ஆகியவை இருக்கின்றன. அவர்கள் குடிவந்த நாளில் எடுத்த படங்கள் என்னிடம் உள்ளன. வீடு முழுவதற்கும் பெயின்ட் அடிக்கும் செலவை முன்பணத்தில் கழிக்கலாமா? கடைசி மாத வாடகையையும் முன்பணத்திலேயே நேர் செய்துகொள்ளும்படி அவர் கேட்கிறார், அதற்கு ஒப்புக்கொள்ளலாமா? அடுத்து வருபவரிடம் வாடகையைப் பத்து விழுக்காடு உயர்த்திக் கேட்கலாமா என்பதையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பேரேடு:

மாடிப்படி அவர்களுக்கு வணக்கம். முதலில் அந்த மோட்டார் ஸ்விட்சிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். குடியிருப்பவர் எத்தனை மாதப் பாக்கி வைத்திருந்தாலும், தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவது, பூட்டை மாற்றுவது, சாமான்களை வெளியே எடுத்து வைப்பது ஆகியவற்றைப் பெரும்பாலான நாடுகளின் சட்டங்கள் தடுக்கின்றன. இங்கிலாந்தில் 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றவியல் குற்றம். மாநிலங்கள் தம் சட்டங்களை வகுக்க முன்மாதிரியாக இந்திய அரசு வெளியிட்ட 2021ஆம் ஆண்டு மாதிரி வாடகைச் சட்டமும் இன்றியமையாத சேவைகளைத் துண்டிக்கக் கூடாது என்று தனிப்பிரிவே வைத்திருக்கிறது. சட்டத்தை ஒதுக்கிவைத்து வெறும் பணக்கணக்காகப் பார்த்தாலும் இது நட்டம்தான். இன்று பாக்கி வைத்தவர் அவர், கேட்பவர் நீங்கள். இரண்டு நாள் தண்ணீர் நின்றால் புகார் கொடுப்பவர் அவர், பதில் சொல்பவர் நீங்கள். உறவினர் அந்த விசாரணைக்கு வரமாட்டார்.

அடுத்ததாக, பாக்கியையும் ஓதத்தையும் பிரித்துவிடுங்கள். இரண்டும் ஒரே பேச்சில் வரும்வரை எதுவும் தீராது; அவர் சுவரைக் காட்டுவார், நீங்கள் பாக்கியைக் காட்டுவீர்கள். சுவரைப் பற்றி ஒரு கடிதம், வாடகையைப் பற்றி வேறொரு கடிதம் என்று தனித்தனியே எழுதுங்கள். சுவரைப் பற்றியதை முதலில் அனுப்புங்கள், ஏனென்றால் உங்கள் பக்கம் நிலுவையில் இருப்பது அதுதான். பழுதை எழுத்தில் தெரிவித்தும் உரிமையாளர் அசையவில்லை என்றால், குடியிருப்பவரே செய்துகொண்டு செலவை வாடகையில் கழிக்கச் சில சட்டங்கள் இடம் தருகின்றன. மேலே சொன்ன மாதிரிச் சட்டத்தில், ஒரு மாதத்தில் அப்படிக் கழிக்கும் தொகை அந்த மாத வாடகையில் பாதியைத் தாண்டக் கூடாது என்று வரம்பு இருக்கிறது. உங்கள் ஊரில் எந்தச் சட்டம் நடப்பில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் எந்த ஊராக இருந்தாலும், பழுதைப் பற்றிய கடிதத்துக்கு உடனே பதில் எழுதிய உரிமையாளரின் நிலை வலுவாகவே இருக்கும்.

பாக்கித் தொகையில் உங்களுக்கும் அவருக்கும் கணக்கு வேறுபடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையான சிக்கல் அங்கேதான் இருக்கிறது. பகுதி பகுதியாகப் பணம் வரும்போது ரசீதில் வெறும் தொகையும் தேதியும் மட்டும் இருந்தால், அது எந்த மாதத்துக்கான பணம் என்பதை ஒவ்வொருவரும் தமக்கு வசதியாக நினைத்துக்கொள்வார்கள். இனிமேல் ஒவ்வொரு ரசீதிலும் எந்த மாத வாடகைக்கு வரவு வைக்கப்பட்டது, அந்த வரவுக்குப் பிறகு நிற்கும் பாக்கி எவ்வளவு என்ற இரண்டையும் எழுதுங்கள். வங்கி மூலம் பணம் வந்தாலும் ரசீது கொடுங்கள். இதுவரையான மாதங்களுக்கு ஒரு தாளில் நான்கு பத்தி போட்டு, மாதம், வரவேண்டியது, வந்தது, நிற்பது என்று எழுதி, இருவரும் உட்கார்ந்து சரிபார்த்துக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒரு வேலை முடிந்தாலே பாதித் தகராறு காணாமல் போகும்.

பிறகு தவணை. நாணயமானவர் என்று நீங்களே சொல்வதால், வருமானம் தடைப்பட்டிருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை. நடப்பு மாத வாடகை முழுதாக வரவேண்டும், அதற்கு மேல் பாக்கிக்காகக் கால் மாத வாடகை வரவேண்டும் என்று வைத்தால், இரண்டரை மாதப் பாக்கி பத்து மாதத்தில் தீரும். அரை மாத வாடகை வீதம் கேட்டால் ஐந்து மாதத்தில் தீரும். ஆனால் முழு வாடகைக்கே திணறுபவரிடம் ஒன்றரை மடங்கு கேட்பது, மூன்றாவது மாதத்தில் மீண்டும் முறிவதற்குத்தான் வழி. கடிதம் இப்படி இருக்கலாம்:

“தாங்கள் குடியிருக்கும் மேல்தள வாடகையில் இன்றைய தேதி வரை நிற்கும் பாக்கியை இருவரும் சரிபார்த்து இத்துடன் இணைத்துள்ளோம். வரும் மாதம் முதல் ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் நடப்பு மாத வாடகையையும், பாக்கிக்காகக் கால் மாத வாடகையையும் செலுத்துவதாகத் தாங்கள் ஒப்புக்கொண்டதை இதன்மூலம் பதிவு செய்கிறேன். தவணை ஒன்று தவறினால் மீதிப் பாக்கி முழுவதையும் உடனே கோரும் உரிமை எனக்கு உண்டு. பகுதித் தொகையைப் பெற்றுக்கொள்வதால் என் உரிமைகள் எதையும் நான் விட்டுக்கொடுத்ததாகாது.”

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். காலி செய்யச் சொல்லி அறிவிப்பு கொடுத்த பிறகு உரிமையாளர் வாடகையை வாங்கிக்கொண்டே இருந்தால், அறிவிப்பை அவரே கைவிட்டுவிட்டார் என்று வாதாடப் பல நாட்டுச் சட்டங்களில் இடமிருக்கிறது. ஒரு வரியால் அந்த வாதம் முற்றிலும் அடைபட்டுவிடாது, ஆனாலும் பலம் குறையும். வாடகைப் பாக்கி கோருவதற்கும் காலவரம்பு உண்டு. இந்தியாவில் 3 ஆண்டுகள், இங்கிலாந்தில் 6 ஆண்டுகள். நயமாக விட்டுக்கொண்டே போனால் பழைய மாதங்கள் ஒவ்வொன்றாகக் கையைவிட்டுப் போகும்.

தூக்குக்குண்டு:

கட்டட வேலையில் இருப்பவன் என்ற முறையில் சுவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சன்னலைத் திறக்காததால் வந்த ஈரமா, குழாயிலிருந்து வந்த ஈரமா என்பதை வாக்குவாதத்தால் முடிவு செய்ய வேண்டியதில்லை. சோதித்துப் பார்க்க முடியும்.

சமையலறையில் பயன்படுத்தும் அலுமினியத் தாளில் ஒரு சாண் சதுரத்தை வெட்டி, ஈரமுள்ள இடத்தைத் துடைத்து உலர்த்திவிட்டு, நான்கு பக்கமும் காற்றுப் புகாதபடி டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். ஒன்றிரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் வெளிப்புறத்தில், அதாவது அறையைப் பார்த்த பக்கத்தில் நீர்த்துளிகள் இருந்தால், அறைக் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது என்று பொருள். தாளை உரித்தபின் சுவரைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால், ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. இரண்டு பக்கமும் நனைந்திருந்தால் இரண்டு காரணமும் உண்டு. அதுவும் அடிக்கடி காண்பதுதான். தாளை ஒட்டும்போது குடியிருப்பவரையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். தம் கண்ணால் பார்த்த சோதனையின் முடிவை யாரும் எளிதில் மறுப்பதில்லை.

நீங்கள் எழுதிய அடையாளங்களில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த வெள்ளைத் தூள். அது உப்பு. தண்ணீர் செங்கல்லுக்கும் பூச்சுக்கும் உள்ளே நகர்ந்து வரும்போது, அங்கே இருக்கும் உப்புகளைக் கரைத்துக்கொண்டு வந்து, மேற்பரப்பில் தான் ஆவியாகி அவற்றை விட்டுவிட்டுப் போகிறது. அறைக்காற்றின் ஈரம் மட்டும் சுவரில் படிந்திருந்தால் பூஞ்சை வரும். இப்படி உப்புப் பூப்பது அரிது. ஆகவே குளியலறைப் பக்கத்தில் கசிவு இருக்கிறது என்ற அவருடைய பேச்சில் நியாயம் இருக்கலாம். அலமாரிக்குப் பின்னால் உள்ள பூஞ்சைக்குக் காற்றோட்டமின்மையும் சேர்ந்து காரணமாக இருக்கலாம் என்பதால், அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடையாவது தள்ளிப் போடச் சொல்லுங்கள்.

கசிவு எங்கே என்று தேடும்போது உடைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை சில. தண்ணீர் மீட்டர் இருந்தால், வீட்டில் எந்தக் குழாயையும் திறக்காமல் இரண்டு மணி நேரம் விட்டு, முன்னும் பின்னும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் நகர்ந்திருந்தால் அழுத்தம் உள்ள குழாயில் எங்கோ ஒழுக்கு இருக்கிறது. எண் நகரவில்லை என்றால் கழிவுநீர்ப் பக்கம் பார்க்க வேண்டும். குளியலறைத் தரையின் நீர்போக்கியை ஒரு துணியுருண்டையால் அடைத்துவிட்டு, இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீரைத் தேக்கி அதில் கொஞ்சம் உணவு நிறமியைக் கலந்துவிடுங்கள். படுக்கையறைச் சுவரின் அடியில் அந்த நிறம் தெரிந்தால், தரையிலோ டைல் இடுக்குகளிலோ வழி இருக்கிறது. அங்கே தெரியாமல் கீழ்த்தளக் கூரையில் தெரிந்தாலும் கதை அதுவே. இந்தச் சோதனையைக் கீழ்வீட்டுக்காரரிடம் சொல்லாமல் செய்யாதீர்கள்.

பிளம்பர் வந்து பார்க்கும் முன் பெயின்டரைக் கூப்பிடாதீர்கள். ஈரம் இருக்கும் சுவரில் நீர்புகாப் பெயின்டை அடிப்பவர்கள், அடுத்த பருவத்துக்குள் அதைப் பூச்சோடு சேர்த்து உரிக்க வேண்டியிருக்கும். உள்ளே அடைபட்ட தண்ணீர் வேறு வழி தேடிப் பக்கத்துச் சுவருக்கு நகர்வதையும் பார்த்திருக்கிறேன்.

மாடிப்படி:

இருவருக்கும் மிக்க நன்றி. மோட்டாரைத் தொடப் போவதில்லை. அலுமினியத் தாள் சோதனையை இந்த வாரமே செய்ய எண்ணுகிறேன். ஒரு ஐயம்: என்னிடம் மாற்றுச் சாவி இருக்கிறது, அவர்கள் பகலில் வேலைக்குப் போய்விடுகிறார்கள். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் அவர்களுக்கும் தொந்தரவு இல்லையே? கீழ்த்தள முன்பணத்தைப் பற்றியும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

வாடகைவாசி:

நான் வீட்டு உரிமையாளர் அல்லன். வாழ்நாளின் பெரும்பகுதியை வாடகை வீடுகளில் கழித்தவன். மாற்றுச் சாவியைப் பற்றிய கேள்விக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

தயவுசெய்து அப்படிப் போகாதீர்கள். நாம் இல்லாத நேரத்தில் ஒருவர் உள்ளே வந்து போயிருக்கிறார் என்று தெரிந்த அன்றிலிருந்து அது நம் வீடாக இருப்பதில்லை. கட்டிலும் துணியும் சாமி படமும் இருக்கும் அறை அது. அதன்பிறகு உரிமையாளர் எவ்வளவு நல்லெண்ணத்தோடு பேசினாலும் நம்பிக்கை ஒட்டாது. பேரேடு குறிப்பிட்ட மாதிரிச் சட்டமும், இங்கிலாந்தின் 1985ஆம் ஆண்டுச் சட்டமும், உரிமையாளர் உள்ளே வந்து பார்க்க 24 மணி நேர முன்னறிவிப்பு எழுத்தில் வேண்டும் என்றுதான் சொல்கின்றன. தண்ணீர் பீறிடுவது, தீப்பிடிப்பது போன்ற அவசரம் வேறு. “சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நானும் பிளம்பரும் வந்து குளியலறைச் சுவரைப் பார்க்கலாமா, அந்த நேரம் வசதிப்படாவிட்டால் வேறு நேரம் சொல்லுங்கள்” என்று ஒரு குறுஞ்செய்தி போதும். எழுத்தில் இருக்கட்டும்; அது உங்களுக்கும் சான்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழுதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துப் பலனில்லாதபோது, வாடகையை நிறுத்துவது ஒன்றுதான் குடியிருப்பவருக்குக் கையில் எட்டும் கருவி. அது சரியான வழி என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் குடித்தனக்காரர் பாக்கி வைக்கத் தொடங்கியது முதலிலா, ஓதத்தைப் பற்றிச் சொன்னது முதலிலா என்று உங்கள் கைப்பேசியில் பழைய செய்திகளைப் புரட்டிப் பாருங்கள். ஓதம் முதலில் என்றால், பேரேடு சொன்ன தவணைக் கடிதத்தின் தொனியைச் சற்று மாற்ற வேண்டியிருக்கும்.

இரண்டாம்சாவி:

வாடகைவாசி சொன்னதை அப்படியே ஏற்கிறேன். முன்பணத்துக்கு வருகிறேன்.

கடைசி மாத வாடகையை முன்பணத்தில் நேர் செய்ய ஒப்புக்கொள்ள வேண்டாம். சாமான்கள் வெளியேறிய பிறகுதான் கட்டிலுக்கு அடியில் இருந்த தரையும் குளிர்பெட்டிக்குப் பின்னால் இருந்த சுவரும் கண்ணுக்குத் தெரியும். அந்த நேரத்தில் உங்கள் கையில் இருக்க வேண்டிய பணத்தை ஒரு மாதத்துக்கு முன்பே செலவழித்துவிட்டால், பிறகு கேட்பதற்கு ஒன்றுமிருக்காது. ஆனால் அவர் ஏன் அப்படிக் கேட்கிறார் என்பதையும் யோசியுங்கள். முன்பணம் திரும்பி வராது என்ற அச்சம்தான் பலரை இப்படிக் கேட்கவைக்கிறது. சாவி ஒப்படைத்து, மின்கட்டணமும் தண்ணீர்க் கட்டணமும் முடிந்த இத்தனை நாளில், கழிவுப் பட்டியலோடு மீதியைத் தந்துவிடுகிறேன் என்று தேதி குறிப்பிட்டு எழுதிக் கொடுங்கள். பெரும்பாலானோர் வாடகையைக் கட்டிவிடுவார்கள்.

வீடு முழுவதற்கும் பெயின்ட் என்பது நியாயமாகாது. நான்கு ஆண்டு குடியிருந்த வீட்டில் பெயின்ட் மங்குவதும், படம் மாட்டிய ஆணித்துளைகளும், நடமாடும் இடத்தில் தரை தேய்வதும் குடியிருப்பதன் இயல்பான விளைவுகள். அவற்றுக்கான விலையைத்தான் மாதா மாதம் வாடகையாக வாங்கியிருக்கிறோம். கிறுக்கல்கள் அப்படியல்ல, அது சேதம். அங்கேயும் முழுச் செலவைக் கேட்க முடியாது. பெயின்டின் ஆயுளை ஐந்தாண்டு என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் குடிவந்தபோது அது புதிதாக இருந்தது என்றால், நான்காண்டு கழிந்துவிட்டது. மிஞ்சியது ஐந்தில் ஒரு பங்கு. கிறுக்கல் உள்ள அந்த ஓர் அறைக்குப் பெயின்ட் அடிக்க 10,000 ஆகும் என்றால், அவரிடம் கழிக்கத்தக்கது 2,000. வீட்டை அவர் எடுத்தபோது இருந்ததைவிடப் புதிதாக்கிக்கொள்ளும் செலவை அவர் தலையில் கட்டக் கூடாது என்பதுதான் இதிலுள்ள நியாயம். பெயின்ட் ஏற்கெனவே இரண்டாண்டு பழையதாக இருந்து அவர்கள் வந்திருந்தால், அந்த அறைக்கும் கழிவு ஒன்றுமில்லை.

மேடைக் கல் வேறு கணக்கு. கல்லுக்கு ஆயுள் நீளம், ஆகவே தேய்மானம் குறைவு. ஆனால் மூலை உடைந்ததற்காக முழுக் கல்லையும் மாற்றும் செலவைக் கேட்பதும் மிகை. உடைந்த துண்டு கிடைத்தால் ஒட்டி மெருகிடலாம், இல்லையென்றால் மூலையை உருட்டிச் செதுக்கிவிடலாம். எதைச் செய்தாலும் செய்பவரிடம் எழுத்தில் விலைப்பட்டியல் வாங்கி, அதன் நகலை இணைத்துக் கழியுங்கள். குத்துமதிப்பாக ஒரு தொகையைச் சொன்னால் அது பேரமாகத்தான் முடியும்.

முன்பணம் எவ்வளவு வாங்கலாம், எத்தனை நாளில் தரவேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் மூன்று மாத வாடகை உச்சவரம்பு. இந்திய மாதிரிச் சட்டத்தில் குடியிருப்புக்கு இரண்டு மாதம். இங்கிலாந்தில் வாங்கிய தொகையை 30 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டமொன்றில் பதிய வேண்டும். ஆகவே வேறு நாட்டு உறவினர் சொன்னார் என்று எதையும் செய்துவிடாதீர்கள்.

ஒப்படைக்கும் நாளில் குடிவந்தபோது எடுத்த படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, அதே இடத்தில் நின்று அதே கோணத்தில் புதிய படம் எடுங்கள். வாசற்கதவில் தொடங்கி நிறுத்தாமல் ஒரு காணொளியும் எடுத்து, மின் மீட்டரின் எண் தெரியும்படி முடியுங்கள். அன்றைக்கே அதை அவருக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். கைப்பேசியில் கிடக்கும் படத்தின் தேதியை யாரும் சந்தேகிக்கலாம்; இருவர் பெட்டியிலும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்த அஞ்சலைச் சந்தேகிப்பது கடினம். எத்தனை சாவி கொடுத்தோம், எத்தனை திரும்பி வந்தது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் அடுத்தவர் வருமுன் பூட்டை மாற்றிவிடுவது நல்லது.

பேரேடு:

வாடகை உயர்வைப் பற்றிய கேள்வி விடுபட்டுப்போயிற்று. கீழ்த்தளம் எப்படியும் காலியாகிறது என்பதால் சந்தை நிலவரப்படி கேட்டுப் பார்க்கலாம். ஆனால் பத்து விழுக்காடு அதிகம் கேட்பதால் வீடு ஒரு மாதம் கூடுதலாகப் பூட்டிக் கிடந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். பழைய வாடகையை 100 என்று கொள்வோம். ஒரு மாதம் காலியாக இருந்தால் இழப்பு 100. உயர்வால் மாதம் கிடைப்பது 10. இழந்ததை மீட்கவே பத்து மாதம் ஆகும். உயர்வு ஐந்து விழுக்காடு என்றால் இருபது மாதம். இதில் தரகு, பெயின்ட், வெற்று வீட்டுக்கு நீங்கள் கட்டும் குறைந்தபட்சக் கட்டணங்கள் எதையும் சேர்க்கவில்லை. ஓராண்டில் ஒரு மாதம் வீடு காலியாக இருப்பது ஆண்டு வருமானத்தில் 8.33 விழுக்காடு. நான் ஏறக்குறைய அந்த அளவை ஆண்டுதோறும் தனிக் கணக்கில் ஒதுக்கிவிடுகிறேன். காலியாக இருந்தால் அதற்கு, இல்லையென்றால் பழுதுக்கு. உங்கள் குளியலறை வேலைக்கு அப்படியொரு தொகை இருந்தால் இப்போது இவ்வளவு தயங்க மாட்டீர்கள்.

இதனாலேயே ஒழுங்காக வாடகை தருபவர் ஒருவர் இருக்கும்போது, பக்கத்துத் தெருவில் கூடுதலாக வாங்குகிறார்கள் என்பதற்காக அவரை நகர்த்துவதை நான் ஆதரிப்பதில்லை. இரண்டாம்சாவி இதில் என்னோடு உடன்படமாட்டார் என்று நினைக்கிறேன்.

இரண்டாம்சாவி:

பாதி உடன்படுகிறேன். ஆண்டுக்கு ஆண்டு உயர்த்தாமல் விட்டுவிட்டு, பல ஆண்டு கழித்து ஒரேயடியாக ஏற்றுபவர்களால்தான் நல்ல குடித்தனக்காரர்கள் வெளியேறுகிறார்கள். எப்போது, எவ்வளவு உயரும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் அந்தப் பேச்சே எழாது.

புதியவரைத் தேர்ந்தெடுப்பதில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வாடகை, குடிவருபவரின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருக்கிறதா என்று பார்ப்பது பொதுவான அளவுகோல். அத்தோடு, அவர் இப்போது இருக்கும் வீட்டின் உரிமையாளரை மட்டும் விசாரிக்காதீர்கள். அதற்கு முன்பு இருந்த வீட்டின் உரிமையாளரையும் கேளுங்கள். தொல்லை தரும் குடித்தனக்காரரை அனுப்பினால் போதும் என்றிருப்பவர் அவரைப் புகழ்ந்துதான் பேசுவார். முந்தையவருக்கு அந்த அவசியம் இல்லை. ஒப்பந்தத்தில், ஓதமோ ஒழுக்கோ கண்டால் இத்தனை நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், உரிமையாளர் இத்தனை நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும் என்று இரு பக்கத்துக்கும் பொறுப்பு வைத்து ஒரு பிரிவைச் சேருங்கள்.

மாடிப்படி:

அனைவருக்கும் நன்றி. முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுச் சென்று, அவரும் உடனிருக்கத் தாளை ஒட்டினோம். சுவரைப் பார்த்த பக்கம் நன்றாக நனைந்திருந்தது, அறையைப் பார்த்த பக்கம் உலர்ந்திருந்தது. மீட்டர் எண் நகரவில்லை. கீழ்வீட்டில் சொல்லிவிட்டுத் தண்ணீரைத் தேக்கியதில், படுக்கையறைச் சுவரின் அடியில் நிறம் தெரிந்தது. பழைய செய்திகளையும் பார்த்தேன். ஓதத்தைப் பற்றி அவர் சொன்னது முதல் பாக்கிக்கு முந்தையது. பழுதுக் கடிதத்தை அனுப்பிவிட்டேன், தவணைக் கடிதத்தை அடுத்த வாரம் நேரில் பேசியபின் எழுதுவதாக இருக்கிறேன். டைல் இடுக்குகளை அடைத்தவுடன் சுவருக்குப் பெயின்ட் அடித்துக் கொடுத்துவிடலாமா?

தூக்குக்குண்டு:

அவசரப்பட வேண்டாம். இடுக்குகளில் உள்ள பழைய காரையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். மேலாகத் தடவினால் நிற்காது. நீர்போக்கியைச் சுற்றியுள்ள இணைப்பையும், சுவரும் தரையும் சேரும் மூலையையும் தனியாக அடைக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் வழி அங்கேதான் இருக்கும். வேலை முடிந்து காரை இறுகியதும் அதே நிறச் சோதனையை மீண்டும் ஒருமுறை செய்து, அதன்பிறகு பிளம்பருக்கு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

படுக்கையறைப் பக்கத்தில் உப்பிய பூச்சை உறுதியான இடம் வரும்வரை கொத்தி எடுத்துவிட்டு, உப்பை உலர்ந்த தூரிகையால் துடையுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடியும் உள்ளேதான் போகும். பூஞ்சை உள்ள மூலையைத் துடைப்பவர் முகமூடி அணியட்டும். பிறகு சுவரைத் திறந்தபடி விட்டுவிடுங்கள். நனைந்த செங்கற்சுவர் உலர, 25 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு மாதம் என்பது கட்டட வேலையில் வழங்கும் தோராயக் கணக்கு. வெப்பமும் காற்றோட்டமும் நன்றாக இருந்தால் இது குறையும், ஆனால் வாரக்கணக்கில் முடியாது. மெல்லிய தடுப்புச்சுவருக்கே சில மாதம் வேண்டும். உலர்ந்தபின் புதுப் பூச்சும் ஈரத்தை வெளியேவிடும் வகைப் பெயின்டும் போதும்.

அதுவரை அந்தச் சுவர் பார்க்க அழகாக இருக்காது. வேலை எந்த வாரத்தில் தொடங்கும், எத்தனை மாதம் சுவர் மொட்டையாக இருக்கும், பெயின்ட் எப்போது வரும் என்ற மூன்றையும் வேலைக்கு முன்பே மேல்வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் இரண்டாவது மாதமே, பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று அவர் நினைப்பார்.